எட்டுக் கிழமைக்குள் மிட்வைஃப் மிஸ்ஸைத் தேடிப் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் வழக்கமாக நடப்பது இதுதான்: பாமசியில் ஸ்ட்ரிப் வாங்குவது, இரண்டு கோடு தெரிந்ததும் அம்மாவுக்குப் போன் எடுப்பது, அப்புறம் யாராவது சொன்ன பெயரை வைத்து ஒரு விசேட வைத்தியரை சனல் பண்ணுவது, அதாவது பிரைவேட்டில் காசு கட்டி நம்பர் எடுப்பது. இதில் எதுவும் பிழையில்லை. ஆனால் உங்கள் பகுதி மிட்வைஃப், அதாவது தாய்சேய் நலனைக் கவனிக்கும் அரசாங்க மருத்துவிச்சி, யார், அவரிடம் பதிந்தாயிற்றா என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறார்கள். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்குக்கூட அவருடைய பெயர் தெரியாது. கையில் காசு இல்லாதவர்களுக்குத்தான் மிட்வைஃப், நாங்கள் பிரைவேட்டில் காட்டுகிறோம் என்ற நினைப்பு ஒன்று எங்கள் ஆட்களிடம் எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

முதலில் நாட்கணக்கு. கர்ப்பத்தை எட்டுக் கிழமைக்குள் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுபவரிடம், பதிந்துவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சுகாதாரத் துறை வைத்திருக்கும் இலக்கு. எட்டுக் கிழமை என்றதும் இரண்டு மாதம் இருக்கிறதே, ஆறுதலாகப் போகலாம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவது கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து. அடுத்த முறை வரவேண்டிய நாளில் வராமல் போகும்போதே நாலு கிழமை முடிந்துவிடும். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்திருந்து, வேலை அலுப்பாக இருக்கும் என்று சமாதானம் சொல்லி, ஸ்ட்ரிப்பில் பார்க்கும்போது ஐந்து, ஆறு ஆகியிருக்கும். மிச்சம் இருப்பது இரண்டு மூன்று கிழமைதான். அதில் ஒரு கிழமை சனல் நம்பருக்குக் காத்திருப்பதில் போய்விடும்.

அடுத்தது எங்கள் வழக்கம். என் தம்பியின் மனைவி சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளை, கல்யாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தவள். விஷயம் தெரிந்த அன்றைக்கே அவளுடைய அம்மா போனில் சொன்னது, "மூண்டு மாதம் முடியட்டும் பிள்ளை, அதுக்கு முதல் ஆருக்கும் வாய் திறக்காதை." கண்ணூறு படும், கரு நிலைக்கும் வரைக்கும் வெளியில் சொல்லக்கூடாது என்ற பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், முதல் மூன்று மாதத்தில் கரு கலைவது நடக்கிற விஷயம்தான், ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அப்புறம் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத் தெரியும். ஊருக்குச் சொல்ல வேண்டாம். மாமியின் மச்சாளுக்குச் சொல்ல வேண்டாம், ஃபேஸ்புக்கில் போட வேண்டாம். மிட்வைஃபுக்குச் சொல்லுங்கள். அவர் ஊர் இல்லை.

ஏனென்றால் அந்த மூன்று மாதத்துக்குள்தான் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய் ஏறத்தாழ ஆறாம் கிழமையோடு மூடிவிடுகிறது. ஃபோலிக் அமில மாத்திரை அதற்கு முன்னமே உடம்பில் சேர்ந்திருந்தால்தான் முழுப் பலன் (பிள்ளைக்கு யோசிக்கும்போதே தொடங்கச் சொல்வது அதனால்தான், புதிதாகக் கல்யாணம் செய்தவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதும் இதே மிட்வைஃபின் வேலை). எடையும் உயரமும் அளந்து உடல் நிறைச் சுட்டி போடுவதற்குப் பன்னிரண்டு கிழமைக்கு முந்திய எடைதான் சரியான அடிப்படை, ஐந்தாம் மாதத்தில் போய் ஏறி நின்றால் அந்த எடையை வைத்து, இந்தத் தாய் மெலிவா பருமனா, இனி எத்தனை கிலோ கூடலாம் என்று சரியாகச் சொல்ல முடியாது. இரத்த வகை, ஆர்.எச். நெகட்டிவா பொசிட்டிவா, ஹீமோகுளோபின், சீனி, பிரஷர், சிறுநீர் எல்லாம் இந்த நேரத்தில் பார்க்கப்படும். தைரொய்டு, வலிப்பு, பிரஷர், மன அழுத்தம் என்று ஏற்கனவே குளிசை எடுப்பவர்கள் அதைத் தொடர்வதா மாற்றுவதா என்று கேட்க வேண்டியதும் இப்போதுதான். தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் இரத்தம் எடுப்பார்கள். இதைக் கேட்டதும் சில வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள், எங்களை யார் என்று நினைத்தார்கள் என்று. யாரையும் ஒன்றும் நினைக்கவில்லை, எல்லாத் தாய்மாருக்கும் எடுப்பதுதான். அப்படி ஒருவரையும் விடாமல் எடுத்ததால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டு நோயும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது.

பிரைவேட்டில் இதெல்லாம் செய்ய மாட்டார்களா என்று கேட்பீர்கள். செய்வார்கள், பில்லும் தருவார்கள். நல்ல டொக்டர்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள், மாதத்துக்கு ஒரு தரம் பத்து நிமிடம் பார்ப்பார்கள், ஸ்கான் செய்வார்கள். ஆனால் அந்த டொக்டர் உங்கள் வீட்டு வாசலுக்கு வரமாட்டார். நீங்கள் ஒரு மாதம் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று தேட மாட்டார். மிட்வைஃபின் பதிவில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் கிளினிக் திகதிக்கு நீங்கள் வராதபோது ஒருவர் தேடுவார். குழந்தை பிறந்த பிறகு முதல் பத்து நாளுக்குள் இரண்டு முறை அவர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. தையல் ஆறுகிறதா, பால் கட்டிக்கொண்டதா, பிள்ளைக்கு மஞ்சள் ஏறியிருக்கிறதா, தாய் காரணமில்லாமல் அழுதுகொண்டிருக்கிறாளா என்று பார்க்க அந்த நேரத்தில் வேறு யார் வருவார்கள்? பெறுமாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து நிற்பார், சரி, அம்மாவுக்குத் தெரிந்தது பத்தியக் கறியும் காயச் சரக்கும்.

ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்கச் சொல்லவில்லை. டொக்டரிடம் போகிறவர்கள் போய்க்கொண்டே மிட்வைஃபிடமும் பதியலாம். அவர் ஒரு கர்ப்பப் பதிவு அட்டை தருவார், டொக்டர் பார்த்ததையும் அதில் எழுதிக்கொள்ளலாம். நடு இரவில் திடீரென்று ஒன்று என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த அட்டையைப் பார்த்துவிட்டால் அரைவாசிக் கேள்வி தேவைப்படாது. பிறகு காசல் வீதி, டி சொய்சா, களுபோவில என்று ஏதாவது அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறலாம் என்று மனம் மாறினாலும் (கடைசி மாதத்தில் பிரைவேட் மதிப்பீட்டைப் பார்த்தபின் மனம் மாறியவர்கள் எங்கள் லேனிலேயே இருக்கிறார்கள்) கையில் அட்டை இருக்கும். திரிபோஷா சத்துமாவும், கர்ப்பிணித் தாய்மாருக்கு அரசாங்கம் கொடுக்கும் போசாக்குக் கொடுப்பனவும் வருவதும் இந்தப் பதிவின் வழியாகத்தான். திரிபோஷா தேவையில்லை என்பவர்கள் வாங்கிப் பாருங்கள், தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் பின்னேரத் தேத்தண்ணீரோடு கணவர்மார்தான் முடித்துவிடுகிறார்கள்.

சரி, இவ்வளவு நல்ல விஷயம் ஏன் கொழும்பில் நடக்கவில்லை?

ஊரில் மிட்வைஃப் தேடி வருவார். ஒரு மிட்வைஃபுக்கு ஏறத்தாழ 3000 பேர் என்பது ஏட்டுக்கணக்கு. கிராமத்தில் அந்த 3000 பேரில் யாருக்குக் கல்யாணம் நடந்தது, யார் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார், யார் கிணற்றடியில் ஓங்காளிக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தன்னால் வந்து சேரும். கொழும்பில் எட்டு மாடிக் கட்டடத்தின் அடியில் அவர் நிற்கிறார். நான் என் கண்ணால் பார்த்தது இது: வெள்ளைச் சீருடை, ஒரு கையில் குடை, மற்றக் கையில் கனமான பை. செக்கியூரிட்டி புத்தகத்தை நீட்டுகிறார். எந்த வீடு? யாரைப் பார்க்க வேண்டும்? பெயர்? கர்ப்பிணிகள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வந்தேன் என்கிறார் அவர். பெயர் இல்லாமல் மேலே விட ஓடர் இல்லை என்கிறார் இவர். பெயர் தெரிந்தால் அவர் எதற்கு வரப்போகிறார்! பொரிக்கிற வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தன் நம்பரை ஒரு துண்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தத் துண்டு அடுத்த நாள் பார்சல்காரன் கொண்டுவந்த பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. செக்கியூரிட்டியையும் குறை சொல்ல முடியாது, அந்த மனிதருக்குச் சொல்லப்பட்ட வேலையை அவர் செய்கிறார். அதோடு கொழும்பில் ஆட்கள் ஒரு இடத்தில் இருப்பதும் இல்லை, ஆறு மாதம் அனெக்ஸ், பிறகு வேறு லேன், பிறகு தெஹிவளை. அவருடைய பதிவேட்டில் ஒரு குடும்பம் ஏறுவதற்குள் வீடு மாறிவிடுகிறது.

ஆகவே கொழும்பில் நாங்கள்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு: கொழும்பு மாநகர எல்லைக்குள் இந்த வேலை மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. வெள்ளவத்தை, கிருலப்பனை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், கொம்பனித்தெரு எல்லாம் அதற்குள்தான். காலி வீதியில் தெஹிவளைப் பாலத்தைத் தாண்டினால் அது வேறு மாநகர சபை, வேறு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், தெரியாமல் போய்த் திரும்பி வருபவர்கள் அதிகம். வீட்டு விலாசத்தைச் சொல்லி கிராம சேவகரிடம் கேட்டாலும் எந்தக் கிளினிக் என்று சொல்வார். எல்லாவற்றையும் விட சுலபமான வழி, உங்கள் லேனில் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு தாயைப் பிடித்து எங்கே போகிறீர்கள் என்று கேட்பது. பிள்ளைக்கு ஊசி போடும் அந்த இடத்தில்தான் உங்கள் மிட்வைஃபும் இருப்பார், அல்லது அவருடைய நம்பர் இருக்கும். கிளினிக் இல்லாத நேரங்களில் அவர் வெளியில் வீடுவீடாகப் போவதால் போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

போகும்போது அடையாள அட்டை, கடைசி மாதவிடாய்த் திகதி, இருக்கிற மருந்துகளும் பழைய ரிப்போட்களும். வாடகைக்கு இருக்கிறோம், நிரந்தர விலாசம் ஊரில் என்று தயங்க வேண்டாம், இப்போது தங்கியிருக்கும் இடத்தில் பதியலாம். கல்யாண எழுத்து இன்னும் முடியவில்லை என்று ஒளிபவர்களும் ஒளிய வேண்டியதில்லை. அவர் பதிவது கர்ப்பத்தை. பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், போகும்போது அட்டையைக் கையோடு கொண்டுபோய் அங்குள்ள மிட்வைஃபிடம் காட்டினால் அவர் அங்கிருந்து தொடர்வார். ஏழாம் மாதத்தில் ரயில் ஏறி, பிறந்த பிறகும் அங்கே ஒருவருக்கும் தெரியாமல், திரும்பி வரும்போது பிள்ளைக்கு ஊசி தவறிப்போன கதைகள் உண்டு.

ஒன்று மட்டும், இரத்தம் பட்டால், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்திக்கொண்டு வலித்தால், தலைசுற்றி விழுந்தால் பதிவையும் கிளினிக் திகதியையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் அது ஆளையே கொண்டுபோகும். நேரே ஆஸ்பத்திரி, வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற நம்பருக்குப் போன் அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அதேபோல் கொழும்பில் டெங்கு எந்த மாதமும் ஓய்வதில்லை, கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் பனடோலைப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் வரை பொறுத்துப் பார்ப்பது சரிவராது, முதல் நாளே காட்ட வேண்டும்.

இனி மனக்குறைக்கு வருகிறேன். தம்பியின் மனைவியைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், எந்தக் கிளினிக் என்று சொல்லப்போவதில்லை, மற்றவற்றிலும் இதே கதைதான் என்று கேள்வி. வாங்கில் இருந்த தாய்மாரில் அரைவாசிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். எப்போது பயப்பட வேண்டும், எப்போது ஓடி வர வேண்டும் என்று ஆபத்து அறிகுறிகளைப் பற்றி நல்ல விளக்கமாக ஒரு வகுப்பு நடந்தது, முழுவதும் சிங்களத்தில். எங்கள் பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் தாய்தான் அவளுடைய காதுக்குள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். கையில் கிடைத்த அட்டையும் சிங்களத்தில் அச்சடித்தது. தமிழ் அட்டை முடிந்துவிட்டதாம். மிட்வைஃபின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் "நங்கி" (தங்கச்சி) என்று கூப்பிட்டு, தெரிந்த கொஞ்சத் தமிழை வைத்துக்கொண்டு, "பாரம் தூக்க வேணாம், இரவு முளிக்க வேணாம்" என்று கையால் அபிநயம் பிடித்துக் காட்டினார். கடைசியில் தன் சொந்தக் கைத்தொலைபேசி நம்பரையும் கொடுத்தார். ஆனால் இடுப்புக்குக் கீழே நடக்கும் விஷயத்தையும், கணவரோடு உள்ள பிரச்சினையையும், பழைய கருக்கலைவையும் ஒரு பெண் பக்கத்து வாங்கில் இருப்பவளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டா சொல்ல முடியும்? தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று.

இந்த அமைப்பு சும்மா வந்ததில்லை. களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, மிட்வைஃப்மாரை வீடு வீடாக அனுப்பிக் கட்டியெழுப்பியது. என் அம்மம்மா பிறந்த 1930களில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2000 தாய்மாருக்கு மேல் செத்தார்கள். அண்மைய வருடங்களில், கொவிட் காலத்தை விட்டுப் பார்த்தால், அது 30க்குக் கிட்ட வந்திருக்கிறது. பணக்கார நாடுகளே எட்டிப்பார்க்கும் அளவுக்கு இதைச் செய்துவிட்டு, தலைநகரத்தில் ஒரு பெண்ணுக்குத் தன் மிட்வைஃபின் நம்பர் தெரியாது என்றால் அது நியாயமா?

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கிற காரியமும் இல்லை. மாநகர சபை வட்டாரம் வட்டாரமாகக் கிளினிக் எங்கே, எந்த நாள், எந்த நம்பர் என்று மூன்று மொழியிலும் ஒரு தாளில் அடித்துப் பாமசிகளில் ஒட்டலாம், ஸ்ட்ரிப் வாங்க எல்லோரும் அங்கேதானே போகிறார்கள். தொடர்மாடி நிர்வாகக் குழுக்கள் தண்ணீர்த் தாங்கி கழுவும் நாள், குப்பை எடுக்கும் நாள் ஒட்டும் அதே பலகையில் மிட்வைஃபின் நம்பரையும் ஒட்டலாம், அவர் வந்தால் பெயர் கேட்காமல் மேலே விடும்படி செக்கியூரிட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். விசேட வைத்தியர்மார் முதல் நாளே "மிட்வைஃபிடம் பதிந்தீர்களா" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் அன்றைக்கே போவார்கள், டொக்டர் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை. தமிழ் தெரிந்த மிட்வைஃப்மாரைக் கொழும்புக்கு எடுப்பது சுகாதார அமைச்சின் வேலை. ஆனால் எங்கள் பிள்ளைகளும் விண்ணப்பிக்க வேண்டும். உயர்தரம் முடித்துவிட்டு எந்தக் கோர்ஸ் என்று அலைபவர்களில் எத்தனை பேர் இந்த ஒன்றரை வருடப் பயிற்சியை யோசித்துப் பார்க்கிறார்கள்?

ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். மரண அறிவித்தலுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது, மாதம் ஒரு தரம் கொழும்பு, தெஹிவளைப் பகுதித் தாய்சேய் கிளினிக்குகளின் விவரத்தை ஒரு மூலையில் போட்டுவிடுங்கள். வெள்ளவத்தைப் பகுதிக்கானதை நானே விசாரித்து எழுதி அனுப்புகிறேன், மற்ற இடங்களுக்கும் வாசகிகள் அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 6